ராட்சசனுக்கு முகம் கொடுத்தவர்

ஒரு மனிதரின் வேலை போனதற்கு நான் காரணம். பொய் சொல்லிப் போக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பொய்யை ஒரு வாக்கியமாக எழுதி, கீழே கோடு போட்டு, இது பொய் என்று இன்றைக்கு அறிவித்துவிடலாம். நான் ஒரு படத்தைப் பார்த்தேன். பிறகு எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன். நான் செய்தது அவ்வளவே. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை தலை குனிந்திருக்கிறேன், கோயிலிலும் கல்யாண வீட்டிலும். அந்த ஒரு குனிவு மட்டும் இன்னும் கழுத்தில் இருக்கிறது.

அவர் நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் சார். நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாங்கள் இருந்த காலம், இருபதுகளின் கடைசி. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்கும் காரணம் உண்டு, வரும் இடத்தில் வரும்.

ஒல்லியான ஆள். இடது புருவத்தின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு முடி கிடையாது, சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த அடையாளம். ஒருவரோடு பேசும்போது அவர் சொல்வதைக் கேட்கிறாரா என்பதே சந்தேகமாக இருக்கும்; காதைப் பார்ப்பார், மூக்கு முடிகிற இடத்தைப் பார்ப்பார். சம்பளம் உயரவில்லையே என்று தலைமையாசிரியரிடம் கேட்கப்போனவர், திரும்பி வந்து, “அவருக்க கீழ்த்தாடை ஒரு பக்கமா இழுக்கு வே, இதுவரைக்கும் நான் பாக்கல்ல” என்றார். சம்பளம் என்ன ஆயிற்று என்று நான்தான் ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது.

அவருக்கு ஒரு பிடிவாதம். பார்க்காத முகத்தை வரையமாட்டார். குதிரை வரைவார், கப்பல் வரைவார், பார்த்தேயிராத ஊரின் மாளிகையைக்கூட பத்மநாபபுரத்து அரண்மனையின் கூரையை எடுத்து வைத்துச் சமாளித்துவிடுவார். முகம் மட்டும் கண்ணால் கண்டதாக இருக்கவேண்டும்.

பள்ளிக்கூட மேனேஜருக்கு இது முதலிலேயே தெரிந்துபோயிற்று. பள்ளியை நிறுவியவர் அவருடைய தகப்பனார். அவர் இறந்து பல வருடம் கழித்து, ஆள் உயரத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார். டிராயிங் சார் இரண்டு மாதம் உழைத்தார். தலைப்பாகை, அல்பாக்கா கோட்டு, சரிகைக் கரை வேட்டி, கையில் வெள்ளிப்பூண் போட்ட குடை எல்லாம் தொட்டுப்பார்க்கலாம்போல வந்திருந்தன. தலைப்பாகைக்கும் கோட்டுக் கழுத்துக்கும் நடுவில் வெறும் துணி. “நான் அவுகளக் கண்டதில்லியே” என்றார். போட்டோவைப் பார்த்துப் போடலாமே என்று மேனேஜர் சொன்னதற்கு, போட்டோ பிடித்தவன் கண்டிருப்பான், நான் காணவில்லை என்று பதில். திறப்பு விழாவுக்குத் திவான் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மாலையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுச் சமாளித்தோம். பூ வாடிய பிறகு அந்தப் படம் மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டது. மேனேஜர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தார்.

இனி என் பெருமையைச் சொல்லவேண்டும். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு மதாம்மா பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய புத்தகத்தை விட்டுப் போயிருந்தாள். சீமைத் தேவதைக் கதைகள். இரண்டு மூன்று கதைக்கு ஒன்றாக வண்ணப்படம், அதன்மேல் வெங்காயச் சருகுபோல மெல்லிய தாள். அந்தக் கதைகளைத் தமிழில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். ஆறு மாதம் உட்கார்ந்து, சாதாரணமாக ஒருவரும் வாயில் வைக்காத சொற்களையெல்லாம் தேடிப் பொறுக்கி எழுதினேன். “அவள் அழுதாள்” என்று எழுதவேண்டிய இடத்தில் கண்ணீருக்கு மட்டுமே நான்கு வரி போயிற்று. பள்ளிக்கூடத்தின் பெயரில் அச்சடிக்க மேனேஜர் சம்மதித்தார். படங்களை டிராயிங் சார் போடவேண்டும் என்று ஏற்பாடு.

சீமைப் படங்களைப் பார்த்தே போட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அவர் மெல்லிய தாளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் வெளுத்து, மெலிந்து, காற்றில் ஆடும் முடியோடு தேவதைகள்.

“இந்தப் பிள்ளையளுக்குக் கஞ்சி கிஞ்சி கொடுக்கதில்லியா வே?” என்று கேட்டார்.

புத்தகத்தை மூடி என்னிடமே தந்துவிட்டார். கதையை மட்டும் வாயால் சொல்லச் சொன்னார். என் எழுத்தைப் படித்துக்காட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம், கதை போதும் என்றார். அது என் மனத்தில் முதல் கீறல்.

கதைகளை அவர் கேட்ட விதமே வேறு. வானம் வரை வளர்ந்த அவரைக்கொடியின் கதையைச் சொன்னேன். கொடி தன்னால் நிற்காதே, எதன்மேல் ஏறிற்று என்று கேட்டார். மாயக்கொடி என்றேன். மாயமோ என்னவோ, பிடிக்க ஒன்று வேண்டும் என்று, மேகத்துக்குள் போகிற ஒரு தென்னையை வரைந்து அதில் கொடியைச் சுற்றவிட்டார். முட்புதர் மூடிய அரண்மனைக்குத் தாழம்புதரைப் போட்டார். அதைத் தாண்டி எந்த அரசகுமாரன் வந்தாலும் காலைப் பார்த்துத்தான் வைப்பான். செருப்பைத் தொலைத்த பெண் விருந்துக்குப் போனது வில்வண்டியில். பூசணிக்காய் வண்டியாக மாறுவது பெரிய விஷயமில்லை, மாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய கவலை.

முகங்களுக்கு ஊரைச் சுற்றினார். இதில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: கேட்காமல் ஒருவர் முகத்தை எடுக்கமாட்டார். முதலில் கதையைச் சொல்வார், பிறகு இன்ன ஆளுக்கு உம்முடைய முகம் வேண்டும், தருவீரா என்று கேட்பார். வடசேரிச் சந்தைப் பக்கத்து நாவிதர் ஒருவர் அரசராகச் சம்மதித்தார். அதற்குப் பிறகு சவரம் செய்யும்போது அவர் குனிவது குறைந்துவிட்டதாகப் புகார் வந்தது. நூறு வருடம் தூங்கிய அரசகுமாரிக்குப் பல பெண்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு மனிதர் முழு மனத்தோடு தூங்குவதை அவர் வேறெங்கும் கண்டதில்லையாம். மீசையை மட்டும் எடுத்துவிட்டார். பியூன் படத்தை வெகுநேரம் பார்த்தான். “மீசைய எடுத்த காரியம் எனக்க வீட்டுல தெரியாண்டாம் சாரே” என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

ஏழைப் பெண்ணுக்கு வரம் கொடுக்கிற தேவதை, கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெண்பிள்ளை. படத்தில் அவள் கையில் மந்திரக்கோல் இருந்தது. அவள் கோலைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள்.

“எனக்க கூட எங்க சாரே?”

தேவதைக்குக் கூடை எதற்கு என்று பக்கத்தில் நின்ற நான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கூட இல்லாம நான் இம்புட்டுத் தூரம் எதுக்கு வாறேன்? சும்மா வரம் குடுக்கவா?”

நியாயம்தான் என்று டிராயிங் சார் கூடையை வரைந்து சேர்த்தார். சீமையில் எத்தனை வண்ணப்படம் வந்திருந்தாலும், தலையில் மீன்கூடையும் கையில் மந்திரக்கோலுமாக நிற்கிற தேவதை எங்கள் புத்தகத்தில் மட்டுமே இருந்திருப்பாள்.

ராட்சசனுக்கு மட்டும் முகம் கிடைக்கவில்லை. தென்னை உச்சியில், மேகத்தின்மேல் வீடு கட்டிக்கொண்டு ஆட்களை மென்று தின்னும் ராட்சசன். ஒரு நாள் மத்தியானம் பள்ளி விட்டதும் நான் டிராயிங் அறைக்குள் போனேன். உலக உருண்டையில் சவரக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்துவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து, இரண்டு கன்னத்தையும் ஊதி, பல்லைக் காட்டி, கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். கை தாளில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் காற்றை விட்டார்.

“ராச்சசனுக்கு மூஞ்சி தருவியான்னு ஊர்ல யாருட்ட போய்க் கேக்க? இது எனக்க சொந்தச் சரக்காக்கும்” என்றார். மறுபடியும் கன்னத்தை ஊதினார்.

நான் கண்டேன். கண்ணாடியைக் கண்டேன், ஊதின கன்னத்தைக் கண்டேன், அவர் சொன்னதைக் கேட்டேன். இதை நான் இவ்வளவு தெளிவாக எழுதுவதற்குக் காரணம், ஒரு வாரம் கழித்து இதை நான் காணாதவன் ஆகிவிட்டேன்.

படங்களைப் பிளாக் எடுத்து அச்சகத்திலிருந்து மாதிரித் தாள்கள் வந்தன. ஆசிரியர்கள் அறையில் திருவிழா. இது யார், அது யார், பியூனைக் கூப்பிடு, மீசை எங்கே என்று ஒரே சிரிப்பு. படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்த என் தமிழை ஒருவரும் பார்க்கவில்லை. தமிழ்ப் பண்டிதர் வந்தார். அவராவது என்று காத்திருந்தேன். தாள்களையெல்லாம் புரட்டி முடித்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அபிப்பிராயம் சொன்னார்: “படம் வெகு ஜோர். எழுத்தும் இருக்கு.”

எழுத்தும் இருக்கு. ஆறு மாதம்.

அன்று சாயங்காலம் மேனேஜர் மாதிரித் தாள்களோடு என்னைக் கூப்பிட்டார். அவர் நல்ல கனத்த சரீரம். கன்னங்களை அவர் ஊதவேண்டியதில்லை. ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் ராட்சசனில் நின்றார். முகம் எல்லாம் ஊரில் உள்ளவர்களுடையது என்றுதானே பேச்சு, இது யார் என்று கேட்டார். அது அவரேதான், கண்ணாடி பார்த்து வரைந்தார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் படத்தைப் பார்த்தேன். மேனேஜரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவர் முகம் படத்தில் இருந்ததைப்போலவே ஆகியிருந்தது.

மறுநாள் விசாரணை. மேனேஜர், கமிட்டி மெம்பர்கள் இரண்டுபேர், சன்னலோரம் நான். டிராயிங் சாருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அது அவருக்கு நல்லது செய்யவில்லை. அது எனக்க மூஞ்சியாக்கும் என்றார். மெம்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போய்க் கண்ணாடியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, மூன்று பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று, கன்னத்தை ஊதிப் பல்லைக் காட்டினார். மேனேஜர் அதைத் தன்னைப் பழிப்புக் காட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் புருவத்தைக் காட்டினார். ராட்சசனுக்கும் புருவத்தில் முடியில்லாத இடம் இருந்தது. ஆனால் அது ராட்சசனின் வலது புருவத்தில். இவருக்கு இடது. மேனேஜர் பிடித்துக்கொண்டார். பக்கம் மாறியிருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர் என்றார். மூத்த மெம்பர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேனேஜரின் முகத்துக்கு வெகு அருகில் போய்ப் பார்த்து, எசமானுக்கு வலது புருவத்தில் முடி சற்று அடர்த்தி குறைவுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஒரு ராட்சசனின் முகத்துக்கு இரண்டு பேர் இப்படி உரிமை கொண்டாடி நான் கேள்விப்பட்டதில்லை. இதில் வரைந்தவன் கட்சி தோற்றுக்கொண்டிருந்தது.

“கண்ணாடியில பக்கம் மாறும், அதாக்கும்” என்றார் டிராயிங் சார். சன்னல் பக்கம் திரும்பினார். “நான் கண்ணாடி பாத்து வரச்சத இவரு கண்டாரு. இவருட்ட கேளும்.”

மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் சரியாகக் கவனிக்கவில்லை என்றேன். பொய் சொல்லவில்லை என்று தொடக்கத்தில் எழுதினேனே, இந்த வாக்கியத்துக்குக் கீழே இப்போது கோடு போட்டுக்கொள்ளலாம்.

டிராயிங் சார் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காதைப் பார்த்தார், மூக்கு முடிகிற இடத்தைப் பார்த்தார், வழக்கம்போல. பிறகு கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதத்தோடு வேலையும் போயிற்று. படங்களை நீக்கிவிட்டு என் எழுத்தை மட்டும் வைத்துப் புத்தகம் வெளிவந்தது. என் ஆசைப்படியே ஊர் முழுக்க என் எழுத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்க வழியில்லாமல் போயிற்று. ஆகவே ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கட்டுக்கட்டாகப் பள்ளிக்கூடத்து அலமாரியில் இருந்ததைக் கரையான்தான் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை படித்தது.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன், மனிதன் மறக்கக்கூடியவன்தான். ஆனால் மேனேஜர் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் அவர் பேச்சில் இது ஒரு பகுதி ஆயிற்று. என்னை ராட்சசனாக வரைந்தான் ஒருத்தன், நான் என்ன செய்தேன் தெரியுமா என்று தொடங்குவார். நடுவில் நிறுத்தி, மேடையில் இருந்த என்னைக் காட்டி, இவருக்கு எல்லாம் தெரியும் என்பார். நான் தலையாட்டுவேன். வருடத்துக்கு ஒரு தலையாட்டல். எட்டு வருடம் ஆட்டினேன். இதற்கிடையில் எனக்கு உயர்வும் வந்தது; அதைத் தலைக்கு வந்த உயர்வு என்றுதான் சொல்லவேண்டும்.

ஒன்பதாவது வருடம், விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மேனேஜர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சட்டத்தில் அவருடைய தகப்பனார், முகம் இல்லாமல். பக்கத்துச் சட்டத்தில் அந்த ராட்சசன். தகப்பனுக்கு முகமே இல்லை. மகனுக்கு இன்னொருவர் முகம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அது நீங்கள் இல்லை, அவர் கண்ணாடி பார்த்து வரைந்ததை நான் என் கண்ணால் கண்டேன், அன்றைக்கு மறைத்தேன், தயவுசெய்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கோபம் வரத்தான் செய்தது, ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்கு அல்ல.

“ஓய், எட்டு வருசமா அது நான். இப்ப வந்து இல்லேங்கீரு” என்றார். “அந்தக் கெம்பீரத்தப் பாரும். அந்த ஒல்லி நரங்கலுக்கு இது உண்டுமா? பயந்துல்லா வரச்சிருக்கான். எங்கிட்ட இருந்து அதையும் பிடுங்க வந்தீராக்கும்?”

காப்பி கொடுத்து அனுப்பினார். அந்த ஆண்டுவிழாவில் நான் தலையாட்டவில்லை. அதனால் ஒன்றும் நின்றுபோகவில்லை. அடுத்த நாற்காலியில் இருந்தவர் ஆட்டினார்.

டிராயிங் சார் முட்டம் பக்கத்தில் இருப்பதாக அந்த மீன்காரப் பெண்பிள்ளைதான் சொன்னாள். கடற்கரையில் மாதா கோயில்களில் சுரூபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, வர்ணம் தீட்டுகிறார் என்றாள். பஸ் பிடித்துப் போனேன். லைட்ஹவுஸைத் தாண்டி, பாறைகள் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில். உள்ளே ஏணியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். சிறகு விரித்த தேவதூதன், அங்கே சம்மனசு என்பார்கள்; காலுக்குக் கீழே மிதிபட்டுக் கிடக்கும் பிசாசு. பிசாசுக்கு என் முகம் இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். உண்மையைச் சொன்னால், இருக்கவேண்டும் என்று விரும்பினேன். இருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று திரும்பிவிடலாம்.

குனிந்து பார்த்தேன். ஊதின கன்னம். காட்டின பல். புருவத்தில் முடியில்லாத ஓர் இடம்.

“இங்கயும் நீங்கதானா சார்?” என்றேன்.

அவர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். எட்டொன்பது வருடம் கழித்து வந்தவனிடம் எப்படி இருக்கிறீர் என்று கேட்கவில்லை.

“சம்மனசுக்கு மூஞ்சி தர வரிசையா நிக்கானுவ வே. பிசாசுக்கு ஒருத்தன் வரணுமே.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமையைச் சொன்னேன், எழுத்தும் இருக்கு என்ற வார்த்தையைச் சொன்னேன், தலையைக் குனிந்ததைச் சொன்னேன். அவர் நீல வர்ணத்தைக் குழைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கேட்டது இதுதான்:

“அண்ணைக்கு நீரு சன்னல்கிட்ட நின்னீரு. மூஞ்சியில பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அப்பிடி ஒரு மூஞ்சி எனக்குப் பொறவு கிட்டல்ல. அதுக்கு ஒத்த ஒரு கத உம்ம கையில உண்டுமா?”

புத்தகத்தைத் திரும்பப் போடலாம், எல்லாப் படங்களோடும், என் செலவில், உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே என்றேன். அவர் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. கதை உண்டா என்றே நின்றார். நான் மதாம்மா புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். மேனேஜர் தப்பாக நினைப்பார் என்று முன்பு நான் விட்டுவிட்ட ஒரு கதையில் அவர் கை நின்றது. உடுப்பு இல்லாத அரசன் ஊர்வலம் போகிறான். எல்லாருக்கும் தெரிகிறது, ஒருவரும் சொல்லவில்லை. பின்னால் அரண்மனை ஆள் ஒருவன், இல்லாத அங்கியின் தரையில் புரளும் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப்பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

“அந்த ஆளுக்கு உமக்க மூஞ்சி வேணும்,” என்றார். பிறகு, நாவிதரிடமும் பியூனிடமும் மீன்காரியிடமும் கேட்டதைப்போலவே கேட்டார். “தருவீரா?”

தந்தேன். மூன்று சனிக்கிழமை முட்டத்துக்குப் போய், கோயில் சன்னலோரத்தில், பாதி வெளிச்சத்தில், இரண்டு கையையும் நீட்டி ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நோகிறது என்றதற்கு, துணி கனம்தான், கொஞ்சம் பொறும் என்றார்.

கதைகளை நானும் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அழுதவள் அழுதாள், அவ்வளவுதான். புத்தகம் வெளிவந்தது. தம் பெயரைப் போட டிராயிங் சார் சம்மதிக்கவில்லை. ராச்சசன்ல எனக்க மூஞ்சியே கெடக்கு, பேரு வேற எதுக்கு என்றார். அதனால்தான் நானும் இங்கே போடவில்லை. கருங்கல் சந்தையிலும் கடற்கரைத் திருவிழாக்களிலும் அது நன்றாக விற்றது. பண்டிதர் ஒரு பிரதி வாங்கி, எழுத்து இந்தத் தடவை படத்தை மறைக்கவில்லை என்று பாராட்டினார். வேலை மட்டும் டிராயிங் சாருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதை நான் எதனாலும் ஈடு செய்யவில்லை. கோயில் கோயிலாகப் பிசாசுகளுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் படத்தில் அரசன் கிடையாது. ஓரத்தில் அவனுடைய குதிகால் ஒன்று மட்டும் தெரியும். மிச்சம் முழுவதும் நான். மேனேஜர் புத்தகத்தை வரவழைத்து, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தம் காலை நீட்டிக் குதிகாலைப் பார்த்துக்கொண்டாராம்.

என்னைப் பொறுத்தவரை யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முகம் அச்சாக அப்படியே இருந்தது. தெருவில் போனால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் வளர்ந்து, தலை நரைத்து, இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒருவர் என்னை நிறுத்திக் கேட்பதுண்டு.

“சாரே, துணி பத்திரமா?”

பத்திரமாகத்தான் இருக்கிறது என்பேன். கை இரண்டையும் நீட்டிக் காட்டுவேன்.